போட்டி போட்டுச் சேரும் அமெரிக்கப் பள்ளிகளில் ப்ரீகால்குலஸ்: வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பு வரை கணக்கில் 95-க்குக் கீழே போகாத பிள்ளை, போட்டி போட்டு ஒரு நல்ல ஹைஸ்கூலில் இடம் பிடிக்கும். அங்கே ப்ரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய கணக்கு வகுப்பு) முதல் டெஸ்டில் 68 வாங்கிக்கொண்டு வரும். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் இது அக்டோபர் மாதத்து வழக்கமான கதை. பிள்ளைக்கு அழுகை வரும், அம்மா டியூஷன் விசாரிப்பார், அப்பா "பிளஸ் ஒன்னில் நாங்கள் போடாத கணக்கா" என்று பேனாவைத் தேடுவார். பாடம் கஷ்டம் என்றுதான் மூவரும் முடிவுகட்டுகிறார்கள். என் கணிப்பு வேறு. பாடம் அப்படியொன்றும் மிரட்டக்கூடியது இல்லை. அல்ஜீப்ரா யோசிக்காமலே கைக்கு வரும் என்ற நம்பிக்கையில் வகுப்பு ஓடுகிறது. பிள்ளைக்கோ அது பாதிதான் வந்திருக்கிறது. 68-க்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

எந்த மாதிரிப் பள்ளிகளைச் சொல்கிறேன் என்றால், நியூயார்க்கில் எஸ்எச்எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கும் ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் முதலிய எட்டுப் பள்ளிகள். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன். இல்லினாயில் அரோரா நகரின் ஐஎம்எஸ்ஏ என்ற கணித அறிவியல் பள்ளி. வட கரோலினாவில் டர்ஹாமில் உள்ள அதே மாதிரிப் பள்ளியான என்சிஎஸ்எஸ்எம். சான் பிரான்சிஸ்கோவின் லோவெல். தனியார் பள்ளிகளில் ஃபிலிப்ஸ் எக்ஸிடர் போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு விதம், ஆனால் ப்ரீகால்குலஸில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: எந்த ப்ரீகால்குலஸ் என்று விசாரியுங்கள்

பெயர் ஒன்று, வகுப்பு நாலு விதம். சாதாரண வகுப்பு, அதைவிடக் கடினமான ஹானர்ஸ், கல்லூரித் தரத்தில் நடத்தி முடிவில் பொதுத்தேர்வு வைக்கும் ஏபி, அப்புறம் இரண்டு ஆண்டுப் பாடத்தை ஒரே ஆண்டில் அமுக்கிய வகுப்பு.

ஏபி ப்ரீகால்குலஸ் புதிது. ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு 2023-24 கல்வியாண்டில் தொடங்கியது. முதல் தேர்வு 2024 மே மாதம் நடந்தது. நாலு யூனிட்டுகள். பல்லுறுப்புக்கோவைகளும் விகிதமுறு சார்புகளும் ஒன்று. அடுக்கும் மடக்கையும் ஒன்று. முக்கோணவியலும் போலார் ஆயங்களும் ஒன்று. வெக்டர், அணி எல்லாம் நாலாவதில் வரும், ஆனால் அந்த யூனிட்டிலிருந்து தேர்வில் கேட்க மாட்டார்கள். தேர்வு 3 மணி நேரம்: 40 மல்டிபிள் சாய்ஸ், 4 எழுத்துக் கேள்விகள். அந்த 40-இல் 28 கேள்விகளைக் கால்குலேட்டர் இல்லாமல் 80 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட இல்லை.

ஏபி என்று முன்னால் ஒட்டியிருந்தால் உசத்தி என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அதை அப்படியே நம்ப வேண்டாம். கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிறுவுவது, தொடர்களின் கூட்டுத்தொகை போன்றவை ஏபி பாடத்திட்டத்திலேயே கிடையாது. நல்ல பள்ளியின் ஹானர்ஸ் வகுப்பில் இவை இருக்கும், கூம்பு வெட்டிகள் விரிவாக இருக்கும், கடைசியில் எல்லைகளும் (லிமிட்) எட்டிப் பார்க்கும். எஞ்சினியரிங் போகப்போகிற பிள்ளைக்குக் கல்லூரிக் கணக்கு கால்குலஸிலிருந்துதான் ஆரம்பிக்கும் என்பதால் ஏபி ப்ரீகால்குலஸுக்குக் கல்லூரி தரும் கிரெடிட்டால் பெரிய ஆதாயமும் இல்லை. இரண்டும் பள்ளியில் இருந்தால் பெயரைப் பார்க்காமல் சிலபஸைப் பாருங்கள்.

அமுக்கிய வகுப்புக்கு நல்ல உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே பொதுப் பள்ளிகளில் 2014 முதல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 நிறுத்தப்பட்டது. எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் படிக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸை எட்டுவது எப்படி? அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் இரண்டையும் ஒரே ஆண்டில் முடிக்கும் வகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லும் தீர்மானம் 2024 மார்ச் வாக்கெடுப்பில் வென்றது. உங்கள் மாவட்டத்திலும் இந்த மாதிரி வகுப்பு இருக்கலாம். அதில் சேரும் பிள்ளைக்கு ப்ரீகால்குலஸுக்குக் கிடைப்பது அரை ஆண்டுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிடர் தனி ரகம். அங்கே பாடப் புத்தகமே கிடையாது. கணக்குத் துறையே எழுதிய கணக்குத் தொகுப்புதான் பாடம். 1930-இல் எட்வர்ட் ஹார்க்னெஸ் கொடுத்த நன்கொடையில் வந்த முறை: பன்னிரண்டு பேர் அளவில் ஒரு நீள்வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்வார்கள், முந்தின இரவு வீட்டில் போட்ட கணக்கைப் பலகையில் எழுதி ஒருவருக்கொருவர் விளக்குவார்கள். ஆசிரியர் முதலில் ஃபார்முலா சொல்லித்தரமாட்டார். கணக்குகள் வழியாக அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தொகுப்புகள் பள்ளியின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் ஒரு பக்கம் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கணக்கில் ஐந்தும் வெவ்வேறு தலைப்பு. எது எந்தப் பாடம் என்று யாரும் சொல்வதில்லை. கடினமான வகுப்பு என்பதன் அர்த்தம் அந்த ஒரு பக்கத்திலேயே புரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மே மாதத்திலேயே பள்ளியின் கோர்ஸ் கேட்டலாகைப் பார்த்து, போன ஆண்டு சிலபஸைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வகுப்பு எது என்பதையும் கேளுங்கள். ஆண்டு முடிவதற்குள்ளேயே கால்குலஸ் தொடங்கிவிடும் வகுப்பென்றால், வேகம் நீங்கள் நினைத்ததைவிட ஒரு மடங்கு அதிகம்.

இரண்டாம் படி: ஜூன் மாதத்தில் அல்ஜீப்ராவைச் சோதியுங்கள்

அல்ஜீப்ரா 2-இல் "ஏ" வாங்கியது போதாது. கார் ஓட்டப் பழகியவர் கியரைப் பற்றி நினைப்பதில்லை அல்லவா, அந்த அளவுக்கு வேண்டும். கீழே உள்ள ஆறு கணக்குகளைக் கால்குலேட்டர் இல்லாமல் கொடுங்கள். பக்கத்தில் நிற்காதீர்கள், கடிகாரத்தை மட்டும் பாருங்கள்.

1. 8-இன் அடுக்கு −2/3. மதிப்பு என்ன?
2. எக்ஸ்² − 6எக்ஸ் + 2. வர்க்கப் பூர்த்தி செய்க.
3. (1/எக்ஸ் − 1/3) ÷ (எக்ஸ் − 3). சுருக்குக.
4. √(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5. தீர்க்க.
5. எக்ஸ்³ − 2எக்ஸ்² − 5எக்ஸ் + 6. காரணிப்படுத்துக.
6. ஒய் = −2|எக்ஸ் + 1| + 3. படம் வரைக.

விடைகள்: 1/4, (எக்ஸ் − 3)² − 7, −1/(3எக்ஸ்), 9 மட்டும், (எக்ஸ் − 1)(எக்ஸ் + 2)(எக்ஸ் − 3), முனை (−1, 3)-இல் இருக்கும் தலைகீழ் வி.

பதினைந்து நிமிடத்தில் ஆறும் சரி என்றால் கோடையில் பிள்ளையை விளையாட விடுங்கள். நாலாவதில் 9, 2 என்று இரண்டு விடை எழுதியிருந்தால் கவனியுங்கள்: 2-ஐத் திரும்பப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. இருபுறமும் வர்க்கப்படுத்தும்போது இல்லாத விடை உள்ளே நுழையும் என்பது முக்கோணவியலில் ஏப்ரல் மாதம் திரும்பவும் வந்து மதிப்பெண்ணைக் கடிக்கும். மூன்றாவதில் அரை மணி நேரம் திணறினால் பின்னக் கோவைகள்தான் கோடை வேலை. கால்குலஸில் முதல் வாரமே இதே வடிவக் கணக்குதான் வரும்.

கோடையில் ப்ரீகால்குலஸ் முழுவதையும் முன்கூட்டியே "முடித்துவிடும்" பழக்கம் நம் ஊர்க்காரர்களிடம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு வாரத்தில் மேம்போக்காக ஓட்டிய பிள்ளை செப்டம்பரில் "இது தெரியும்" என்று கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும். டெஸ்டில் கேட்கும் கேள்வியோ அதற்குத் தெரிந்ததற்கு ஒரு படி மேலே இருக்கும். அதே ஆறு வாரம் அல்ஜீப்ராவில் போனால் ஆண்டு முழுக்கப் பலன் தரும்.

மூன்றாம் படி: ஆண்டைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

பல மாநிலங்களில் பள்ளி ஆண்டு 180 நாள். வகுப்பு 45 நிமிடம் என்றால் மொத்தம் 135 மணி நேரம். டெஸ்ட், விடைத்தாள் திருப்பித் தரும் நாள், மாநிலத் தேர்வு, மதிப்பாய்வு எல்லாம் கழித்தால் நூறு மணி நேரம் நின்றால் அதிகம். ஏபி என்றால் மே மாதத்துக்குள் முடிய வேண்டும். அதனால்தான் ஒரு தலைப்புக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். திங்கள்கிழமை காய்ச்சல் என்று படுத்தால் புதன்கிழமை வகுப்பு புரியாது.

பொதுவான ஓட்டம் இப்படி இருக்கும்: செப்டம்பர், அக்டோபரில் சார்புகளும் பல்லுறுப்புக்கோவைகளும், குளிர்கால விடுமுறைக்குள் விகிதமுறு சார்புகள், அடுக்கு, மடக்கை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை முக்கோணவியல், மிச்ச நாட்களில் போலார், வெக்டர், தொடர்முறைகள், எல்லைகள். சில பள்ளிகள் முக்கோணவியலில் தொடங்குவதும் உண்டு. சிலபஸ் கைக்கு வந்ததும் பிள்ளையின் மற்ற பாடத் தேர்வுகள், இசைக் கச்சேரி, விளையாட்டுப் பருவம் எல்லாவற்றையும் அதே நாட்காட்டியில் குறியுங்கள். முக்கோணவியல் முற்றொருமைகள் வரும் வாரமும் வேறொரு பெரிய புராஜெக்ட் முடியும் வாரமும் மோதுகிறதா என்று முன்பே தெரிந்துவிடும்.

நான்காம் படி: செப்டம்பரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

முதல் யூனிட் சார்புகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது பழசு போலத் தெரியும். 68 வருவது இங்கேதான்.

எளிய வகுப்பில் √(எக்ஸ் − 3)-இன் சார்பகம் கேட்பார்கள். 3-உம் அதற்கு மேலும் என்று எழுதினால் முடிந்தது. கடினமான வகுப்பில் இப்படிக் கேட்பார்கள்: எஃப்(எக்ஸ்) = 1/(எக்ஸ் − 1) என்றால் எஃப்(எஃப்(எக்ஸ்)) என்ன, அதன் சார்பகம் என்ன? சுருக்கினால் (எக்ஸ் − 1)/(2 − எக்ஸ்) வரும். அதைப் பார்த்துவிட்டு "2 தவிர எல்லா மெய்யெண்களும்" என்று எழுதும் பிள்ளைக்குப் பாதி மதிப்பெண்தான். உள்ளே இருக்கும் எஃப், எக்ஸ் 1 ஆக இருக்கும்போதே நின்றுவிடுகிறது. 1, 2 இரண்டையும் விலக்க வேண்டும். சுருக்கிய பிறகு அந்த 1 கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும்.

கண்டிப்பு என்று இந்தப் பள்ளிகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கணக்குப் போடத் தெரிந்தால் போதாது, எழுதிய ஒவ்வொரு வரியும் எப்போது செல்லும் என்று சொல்லத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றால் வகுத்தால் அது பூச்சியம் ஆகுமா, மடக்கை எடுத்தால் உள்ளே இருப்பது நேர்மமா என்று ஓரத்தில் ஒரு சொல் எழுதும் பழக்கம் செப்டம்பரிலேயே வர வேண்டும். ஆசிரியர் திருத்தும் தாளில் "ஏன்?" என்று சிவப்பு மையில் இருந்தால் குறை இந்த இடத்தில்தான்.

நேர்மாறு சார்புகளையும் வரைபட மாற்றங்களையும் இதே மாதத்தில் உறுதியாக்கிக்கொள்ளுங்கள். மடக்கை அடுக்கின் நேர்மாறு, ஆர்க்சைன் சைனின் நேர்மாறு. ஒருமுறை சரியாகப் புரிந்தால் அடுத்த இரண்டு யூனிட்டில் பாதி மனப்பாடம் மிச்சம்.

ஐந்தாம் படி: முக்கோணவியலுக்குத் தனி ஏற்பாடு

ஆண்டின் நடுக்கண்டம் இது. முதலில் ஓரலகு வட்டம். பாகையை மறந்து ரேடியனிலேயே யோசிக்கப் பழக வேண்டும். 5π/6 என்றதும் 150° என்று மாற்றிப் பார்க்காமல், வட்டத்தில் இடது மேல் பக்கம் விரல் போய் நிற்க வேண்டும். தினமும் பத்து நிமிடம், இரண்டு வாரம் வெறும் கையால் வட்டத்தை வரைந்து பதினாறு புள்ளிகளையும் எழுதினாலே வந்துவிடும். இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

பிறகு ஃபார்முலாக்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் உண்டு. நான் மூன்று போதும் என்பேன்: சைன்² + காஸ்² = 1, சைனின் கூட்டல் வாய்ப்பாடு, காஸின் கூட்டல் வாய்ப்பாடு. இரட்டைக் கோணம், அரைக் கோணம், பெருக்கலைக் கூட்டலாக்குவது எல்லாம் இந்த மூன்றிலிருந்து இரண்டு மூன்று வரியில் வரும். தேர்வறையில் மறந்தால் வருவித்துக்கொள்ளலாம் என்ற தைரியமே பெரிய விஷயம்.

கடினமான வகுப்பின் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒன்றைப் பாருங்கள். காஸ் 20° × காஸ் 40° × காஸ் 80° = 1/8 என்று நிறுவுக. இதற்கு வேண்டியது எல்லோருக்கும் தெரிந்த இரட்டைக் கோண வாய்ப்பாடு ஒன்றுதான். இடப்பக்கத்தைச் சைன் 20°-ஆல் பெருக்குங்கள். சைன் 20° × காஸ் 20° என்பது சைன் 40°-இல் பாதி. அதைக் காஸ் 40°-ஆல் பெருக்க, சைன் 80°-இல் கால்வாசி. அதைக் காஸ் 80°-ஆல் பெருக்க, சைன் 160°-இல் எட்டில் ஒரு பங்கு. சைன் 160°-உம் சைன் 20°-உம் ஒன்றுதான். முன்னால் பெருக்கிய சைன் 20°-ஐ வகுத்து எடுத்துவிட்டால் 1/8. நாலு வரி. ஆனால் சைன் 20°-ஆல் பெருக்கலாம் என்று தோன்றுவதற்குக் காகிதத்தில் கொஞ்சம் அலைந்திருக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு "ஓ, புரிந்தது" என்கிற பிள்ளைக்கு அடுத்த கணக்கில் இது வராது.

இன்னொன்று: 0 முதல் 2π வரை சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் = 1-ஐத் தீர்க்க. வர்க்கப்படுத்தினால் சைன் 2எக்ஸ் = 0 என்று வரும்; 0, π/2, π, 3π/2 என்று நாலு விடை கிடைக்கும் (2π-ஐச் சேர்க்கவில்லை). திரும்பப் போட்டுப் பார்த்தால் முதல் இரண்டுதான் நிற்கும். ஜூன் மாதத்து நாலாவது கணக்கு இங்கே வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

ஆறாம் படி: தினசரி வேலை

ஹோம்வொர்க்கை வகுப்பு நடந்த அன்றே போட வேண்டும், மறுநாள் காலை பஸ்ஸில் கூடாது. கணக்கு வரவில்லை என்றால் இருபது நிமிடம் தனியாக முட்டிப் பார்க்கட்டும். அதுவரை விடைச் சாவி, யூடியூப், ஏஐ எதையும் தொடக் கூடாது. இருபது நிமிடம் கழித்தும் நகரவில்லை என்றால் ஒரே ஒரு குறிப்பு மட்டும் பார்க்கலாம். பார்த்துப் போட்ட கணக்குக்கு ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, மூன்று நாள் கழித்து வெற்றுத் தாளில் திரும்பப் போட வேண்டும். ஏஐ இப்போது எந்தக் கணக்கையும் வரி வரியாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஹோம்வொர்க்கில் நூறும் டெஸ்டில் அறுபதும் வாங்கும் பிள்ளைகளின் வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

வரைபடத்துக்கு டெஸ்மோஸ் என்ற இணையக் கால்குலேட்டர் அருமையானது. ஆனால் முதலில் கையால் வரைந்துவிட்டு, சரிபார்க்க மட்டும் திறக்க வேண்டும்.

தவறுகளுக்கு என்று ஒரு நோட்டு வையுங்கள். "கவனக்குறைவு" என்று எழுதினால் பயனில்லை. "பின்னத்தில் கழித்தல் குறியை இரண்டாவது உறுப்புக்குக் கொண்டுபோகவில்லை" என்று எழுதினால் பயன் உண்டு. ஒரு மாதத்தில் பார்த்தால் அதே மூன்று நாலு தவறுகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

ஏழாம் படி: டெஸ்டுக்குத் தயாராவது

இந்தப் பள்ளிகளின் டெஸ்டில் கடைசி ஒன்றிரண்டு கேள்விகள் வகுப்பில் பார்க்காத வடிவத்தில் இருக்கும். அதற்கு ஹோம்வொர்க்கையே திரும்பப் போட்டுத் தயாராக முடியாது. யூனிட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கலந்து, கால்குலேட்டர் இல்லாமல், கடிகாரம் வைத்து ஒரு தாள் எழுதிப் பார்க்க வேண்டும். ஏஎம்சி 12 என்ற ஹைஸ்கூல் கணக்குப் போட்டியின் பழைய தாள்கள் இதற்கு நல்ல தீனி. 25 கேள்வி, 75 நிமிடம், கால்குலஸ் தேவையில்லை. ஆரம்பத்துப் பத்துப் பதினைந்து கேள்விகள் போதும், மிச்சம் போட்டிக்காரர்களுக்கு. டெஸ்ட் கைக்கு வந்ததும் தெரிந்ததை முதலில் முடித்து, ஒரு கேள்வியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் தாண்டிப் போக வேண்டும். சொல்லிக்கொடுத்தால் மட்டும் வராது, வீட்டில் பழக வேண்டும்.

எட்டாம் படி: உதவியும் இறங்குவதும்

முதல் டெஸ்ட் சரியில்லை என்றால் அந்த வாரமே ஆசிரியரைப் பார்க்க வேண்டும். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தான் போட்ட தாளைக் கொண்டுபோய் "இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கே நின்றுவிட்டது" என்று காட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். பெற்றோர் மின்னஞ்சல் அனுப்புவதைவிட இது பல மடங்கு மேல். டியூஷன் வைத்தால், பள்ளிக்கு முன்னால் ஓடாமல், விட்டுப்போன அல்ஜீப்ராவை அடைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் உதவலாமா? பாடத்தின் பெரும்பகுதி நீங்கள் பிளஸ் ஒன்னில் பார்த்ததுதான், தாராளமாக உதவலாம். ஆனால் உங்கள் குறுக்கு வழியை முதலில் காட்டாதீர்கள். ஆசிரியர் சார்பகத்தை எழுதச் சொல்கிறார், காரணம் எழுதச் சொல்கிறார். நாம் விடை வந்தால் போதும் என்று வளர்ந்தவர்கள். "இதை ஏன் செய்தாய், சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காதை மட்டும் கொடுத்தால் பாதிப் பிழைகளைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

இரண்டு மூன்று டெஸ்ட் ஆகியும் ஹோம்வொர்க் இரவு பதினொன்றைத் தாண்டுகிறது, மற்ற பாடங்களும் சரிகின்றன என்றால் ஹானர்ஸிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்குப் பள்ளியில் ஒரு கடைசித் தேதி இருக்கும்; செப்டம்பரிலேயே கவுன்சிலரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மாறினால் டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டில்) எப்படிக் காட்டுவார்கள், அதுவரை வாங்கிய மதிப்பெண் கூடவே வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பள்ளி விதி வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்ற கணக்கு இந்த முடிவுக்குள் வரவே கூடாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் நடக்கும் பேச்சில் அது கட்டாயம் வரும், காதில் வாங்காதீர்கள்.

ஆண்டு இறுதியில் அடுத்த கேள்வி வரும்: ஏபி கால்குலஸில் பிசி என்ற பெரிய வகுப்பா, அதில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் மட்டும் நடத்தும் சிறிய வகுப்பா? ப்ரீகால்குலஸ் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முக்கோணவியல், மடக்கை டெஸ்டுகளைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த இரண்டிலும் பிள்ளை நிமிர்ந்து நின்றிருந்தால் பிசிக்குப் போகலாம். பிசி தேர்வு எழுதினால் சிறிய வகுப்பின் பாடப் பகுதிக்கான துணை மதிப்பெண்ணும் சேர்ந்தே வருவதால், கடைசிப் பகுதி சறுக்கினாலும் கையில் ஒன்று நிற்கும்.